அறுபத்திரண்டு

1857-ஆம் வருடம் ஜனவரி மாதம். லண்டனுக்குத் தென்கிழக்கே டவுன் என்றொரு சின்ன கிராமம். அங்கே தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மனிதர் 3 அடி நீளம், 2 அடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, பழைய வேர்களையெல்லாம் நீக்கி வெறும் நிலமாக்கினார். நம்மூர்க் கயிற்றுக் கட்டிலில் பாதிகூட வராத இடம். விதை எதுவும் போடவில்லை. சும்மா விட்டுவிட்டார். குளிர் விலகி மண் இளகியதும் களைகள் தன்னால் முளைக்கத் தொடங்கின. ஒவ்வொரு முளைக்கும் அடையாளம் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். மொத்தம் 357 முளைத்தன. அவற்றில் 295 செத்துப்போயின. பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தவை ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும்.

அந்த மனிதர் சார்லஸ் டார்வின். 1859 நவம்பரில் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் இந்தக் கணக்கு போகிறபோக்கில் ஒரு வாக்கியமாக வருகிறது. படித்துக்கொண்டு வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். பென்சிலை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன். 62. இந்த எண்ணை டார்வின் அங்கே எழுதவில்லை. அவருக்கு வேண்டியது செத்தவற்றின் எண்ணிக்கை. பிழைத்தவற்றை வாசிப்பவர் வேண்டுமானால் கழித்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுத் தோட்டத்தில் வசந்தம் வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகப் பூவில் ஆரம்பிப்பார்கள். தேனீ வரும், குருவி கூடு கட்டும், மனசு லேசாகும். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் எனக்கு வேறொரு கேள்வி. முளைத்ததில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு செத்துப்போகும் என்று தன் கையால் எண்ணித் தெரிந்துகொண்ட ஒரு மனுஷனால், அடுத்த வசந்தத்தில் அதே தோட்டத்துக்குப் போய்ச் சந்தோஷமாக நிற்க முடியுமா? தெரியாமல் ரசிப்பது சுலபம். தெரிந்த பிறகு?

டார்வின் விஷயத்தில் இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. அவர் தோட்டத்தில் செத்தவை களைகள் மட்டுமே இல்லை என்பதால்.

*

முதலில் அந்த ஊர் வசந்தத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். வேப்பம்பூ உதிரும், மாங்காய் பெருக்கும், வெயில் ஏறும். நம் மரங்கள் முழு மொட்டையாக மாதக்கணக்கில் நிற்பது அபூர்வம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் மரங்கள் விறகுபோல நிற்கும். நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள் உண்டு. அதற்குப் பிறகு மார்ச் கடைசியில் வேலியோரம் ஒரு வயலட் பூ தெரிந்தால், அது அவர்களுக்கு அலங்காரம் இல்லை. ‘தப்பித்துவிட்டோம்’ என்கிற சேதி.

டார்வின் குடும்பம் 1842 செப்டம்பரில் டவுன் கிராமத்துக்குக் குடிவந்தது. லண்டனிலிருந்து 16 மைல். வீட்டுக்கு டவுன் ஹவுஸ் என்று பெயர். பீகிள் கப்பலில் உலகம் சுற்றித் திரும்பி ஆறு வருடம் ஆகியிருந்தது. உடம்பு அதற்குள் கெட்டுவிட்டது. வாந்தி, தலைசுற்றல், படபடப்பு. என்ன வியாதி என்று இன்றுவரைக்கும் மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தூர தேசங்களைப் பார்த்தவர் இனி இந்தத் தோட்டத்தையும் சுற்றியிருக்கும் வயல்களையும்தான் பார்க்கப்போகிறார். அடுத்த 40 வருடம் அந்த வீடுதான்.

வந்த மாதமே மூன்றாவது குழந்தை பிறந்தது. மேரி எலினோர். மூன்று வாரம் இருந்தாள். அக்டோபர் 16-ஆம் தேதி இறந்துபோனாள். புது ஊரில் அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஊர்த் தேவாலயத்து மயானத்தில் ஒரு சின்னக் குழி.

அடுத்த வருடம், 1843-இன் வசந்தத்தில், டார்வின் ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்தார். இந்த ஊரில் எந்தப் பூ எப்போது வருகிறது, மண் எப்படி, பள்ளத்தாக்கு எப்படி என்று. வரப்பெல்லாம் வயலட்டும் பிரிம்ரோஸும் மூடிக் கிடப்பதையும், அப்புறம் காட்டுத் தரை ப்ளூபெல் பூத்து நீலமாவதையும் எழுதுகிறார். அவ்வளவு வயலட்டை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். தென்னமெரிக்கக் காடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்வது இது.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. கில்பர்ட் வைட் என்ற கிராமத்துப் பாதிரியார் தன் செல்போர்ன் ஊரைப் பற்றி எழுதி, 1789 என்ற ஆண்டைத் தாங்கி வந்த நூல். சிறுவயதில் அதைப் படித்துவிட்டுப் பறவை பார்க்கத் தொடங்கியதாகவும், ஏன் எல்லாரும் பறவையாராய்ச்சியாளர் ஆகிவிடவில்லை என்று தனக்குள் ஆச்சரியப்பட்டதாகவும் தன் சுயசரிதையில் டார்வின் சொல்கிறார். வைட் செய்ததெல்லாம் இதுதான்: ஊரைவிட்டு அதிகம் போகாமல், வீட்டைச் சுற்றி இருப்பதை வருடக்கணக்காகப் பார்த்து, தேதி போட்டு எழுதினார். உருவத்தில் ஒரே மாதிரி இருக்கும் மூன்று சின்னக் குருவிகளை அவற்றின் பாட்டை வைத்துத் தனித்தனி இனம் என்று பிரித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தைப் பார்க்கலாம் என்று காட்டிய மனிதர்களில் அவர் முக்கியமானவர்.

*

1846-இல் பக்கத்து நிலக்காரர் சர் ஜான் லப்பக்கிடமிருந்து ஒரு நீள்துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி, ஹேசல், பிர்ச், ஹார்ன்பீம் என்று மரங்கள் நட்டு, சுற்றி ஒரு நடைபாதை போட்டார் டார்வின். சாண்ட்வாக் என்று பெயர். தினமும் நடப்பார். எத்தனை சுற்று என்று மறந்துபோகாமல் இருக்கப் பாதையோரம் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தள்ளிவிடுவார். பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம்.

மூத்த மகள் ஆனி. 1841 மார்ச்சில் பிறந்தவள். சாண்ட்வாக்கில் அவர் நடக்கும்போது சில நேரம் முன்னால் ஓடி, சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே போவாளாம். 1850-இன் கோடையில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. விட்டுவிட்டு வந்தது. 1851 மார்ச்சில் மால்வர்ன் ஊரில் தண்ணீர் வைத்தியம் செய்யும் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஏப்ரல் மாதம் காய்ச்சல் கூடியது. தாய் எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வர முடியவில்லை. டார்வின் போய்ப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தேறினாள், மறுபடி மோசம், ஒரு வாய் குடித்தாள், இல்லை வாந்தி. ஏப்ரல் 23-ஆம் தேதி ஆனி இறந்தாள். வயது 10.

இறுதிச்சடங்குக்கு அவர் நிற்கவில்லை. எம்மாவிடம் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 30, அவளைப் பற்றி நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் எழுதியதுபோல இருக்கும் அது. அந்தச் சுழன்றாடும் நடை அதில்தான் வருகிறது. எம்மா மகளின் எழுதுபெட்டியை, உள்ளே இருந்த இறகுப் பேனாக்களோடு அப்படியே கடைசிவரை வைத்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தப் பெட்டியைக் கண்டெடுத்த கொள்ளுப்பேரனின் மகன் ராண்டல் கெய்ன்ஸ் அதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்.

ஏப்ரல் 23. மே பிறந்தால் டவுன் ஹவுஸ் பக்கத்துக் காடெல்லாம் ப்ளூபெல்லாக இருந்திருக்கும். மே 13-ஆம் தேதி ஹொராஸ் பிறந்தான். ஒரே வசந்தத்தில் ஒன்று போய், ஒன்று வந்தது. இதை எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. போனதுக்கு வந்தது ஈடு என்று எந்தத் தகப்பனும் கணக்குப் போடுவதில்லை. டார்வினும் போடவில்லை.

*

அதன்பிறகு அவர் தோட்டத்தை வெறுத்து உள்ளே போய்விட்டார் என்று சொன்னால் கதை ஒழுங்காக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. இன்னும் கூடுதலாகத் தோட்டத்துக்குப் போனார்.

1854 செப்டம்பரில் மகன் ஜார்ஜ், 9 வயது, ஒரு விஷயத்தைக் கவனித்தான். உருண்டையாக, மயிர் அடர்ந்து இருக்குமே பம்பிள்பீ, அவை ஒரு மரத்தடிப் பொந்துக்குள் நுழைந்து நுழைந்து போகின்றன. கூடு இருக்குமோ என்று பார்த்தால் கூடு இல்லை. வருகிறது, ஒரு நிமிஷம் ரீங்காரம் செய்கிறது, போகிறது. அப்புறம் இன்னொன்று வருகிறது. டார்வின் ஐந்தாறு பிள்ளைகளை வழிநெடுக நிறுத்தினார். தேனீ எந்தப் பிள்ளை பக்கம் வருகிறதோ அந்தப் பிள்ளை “இதோ தேனீ!” என்று கத்த வேண்டும். அடுத்தவன் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படியே கூவல் கைமாறி அப்பா நிற்கும் இடத்துக்கு வந்து சேரும். அடையாளம் தெரிய தேனீக்கள்மேல் மாவைத் தூவியும் பார்த்தார். ஆண் தேனீக்கள் குறிப்பிட்ட இடங்களில் நின்று நின்று ஒரே தடத்தில் பறக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த வருடங்களிலும் அதே இடங்களுக்குத்தான் தேனீக்கள் வந்தன. இந்தக் குறிப்புகள் அவர் காலத்துக்குப் பிறகுதான் அச்சேறின. எந்தப் பெரிய கொள்கையும் இதில் இல்லை. ஒரு குடும்பமே வெயிலில் நின்று கத்தியது, அவ்வளவுதான். அந்த வரிசையில் ஆனி நின்றிருந்தால் அவளுக்கு வயது 13.

அந்த வருடக் குளிர் கொடுமையான குளிர். 1855 வசந்தத்தில் தோட்டத்தில் கூடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதை வைத்து, தன் நிலத்துப் பறவைகளில் ஐந்தில் நாலு பங்கு குளிரில் அழிந்திருக்கும் என்று டார்வின் கணக்கிட்டார். மனிதர்களில் ஒரு கொள்ளைநோய் பத்தில் ஒருவரைக் கொண்டுபோனாலே அதைப் பேரழிவு என்கிறோம் என்று பக்கத்திலேயே எழுதுகிறார். ஒரு வசந்தத்தில் எத்தனை பாட்டுக் கேட்கவில்லை என்று எண்ணிய மனுஷன் அவர்.

அதே 1855 ஜூன் மாதம், அவரும் பிள்ளைகளின் ஆசிரியை மிஸ் தோர்லியும் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினார்கள். தோர்லி வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தந்தவர். மால்வர்னில் ஆனியின் கடைசி நாட்களில் கூட இருந்தவர். பக்கத்தில் 15 வருடமாக உழாமல் விட்ட ஒரு நிலம். அதில் என்னென்ன செடி இருக்கிறது, பக்கத்துச் சாகுபடி நிலத்தில் என்ன இருக்கிறது, எது புதிதாக வந்தது, எது போனது என்று பட்டியல் எடுப்பது. சும்மா ஒரு ஆர்வத்துக்குத்தான் என்று தாவரவியலாளர் நண்பர் ஹூக்கருக்கு எழுதுகிறார். 142 வகைச் செடிகள் கிடைத்தன.

உலகப் புகழ்பெற்ற இயற்கையாளருக்குப் புல் பெயர் தெரியாது என்பது இந்தக் கடிதங்களில்தான் தெரிகிறது. ஒரு புல்லை இன்ன புல் என்று தானாகவே கண்டுபிடித்த அன்று ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் பள்ளிப் பையன்போலக் கூத்தாடுகிறார். ஹுர்ரே, ஹுர்ரே என்று ஆரவாரம். என் ஜென்மத்தில் ஒரு புல்லைக் கண்டுபிடிப்பேன் என்று நினைக்கவில்லை, இது என் வயிற்றுக்கே நல்லது செய்துவிட்டது என்கிற அளவுக்குப் போகிறார். வருடக்கணக்காக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் சொல்வதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோபோலவும் இருக்கிறது. அந்தப் புல்லின் ஆங்கிலப் பெயருக்கு ‘இனிய வசந்தப் புல்’ என்று பொருள். வசந்தத்தில் முந்திப் பூக்கும். காய்ந்தால் புது வைக்கோல் வாசனை அடிக்கும். புல் வகையில் சுலபமாக அடையாளம் காணக்கூடியது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பரவாயில்லை, ஹுர்ரே ஹுர்ரேதான்.

என் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது என்று நினைக்கிறேன். கூடுகள் குறைந்ததை எண்ணியதும் புல்லுக்குக் குதித்ததும் ஒரே ஆள், ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே இடம். ஒன்றை மறந்துதான் மற்றதைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு இருக்கவில்லை.

*

இப்போது அந்த 3 அடிக்கு 2 அடி நிலம்.

1857 ஏப்ரலில் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே அதை ‘களைத் தோட்டம்’ என்று செல்லமாகக் குறிப்பிடுகிறார். அதற்குள் 59 முளைகள் செத்திருந்தன. அவர் எதிர்பார்த்தது வேறு. செடிகள் நெருக்கமாக முளைத்து, ஒன்றையொன்று மூச்சுமுட்டவைத்துச் சாகும் என்று நினைத்திருந்தார். நிஜத்தில் நெருக்கடியே இல்லாத வெறும் மண்ணில், இடம் தாராளமாக இருந்தும், நத்தை வந்து தின்றுவிட்டுப் போகிறது. கற்பனையில் வராத சாவு அது. எண்ணியதால்தான் தெரிந்தது.

நானும் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டிய மண்ணில் இதைச் செய்து பார்த்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு நம்மூரில் முளைப்பதற்குக் கேட்கவா வேண்டும்! குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை, பேர் தெரியாத ஏழெட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி குத்திவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “களைக்குக் காவலா? நாலு நாள் வெயில் அடிச்சா தன்னால போயிரும்டா” என்றார். அப்படித்தான் போயின. காலையில் போனால் ஈர்க்குச்சி நிற்கும், செடி இருக்காது. இரண்டு இலை விட்ட கீழாநெல்லி ஒன்று, முந்தின நாள் பார்த்தது, காணோம். ஒரு களைக்காக மனசு சுருக்கென்றதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். பக்கத்துவீட்டுக் கோழி வந்து மிச்சத்தைக் கிளறிவிட்டதும் ஆராய்ச்சி முடிந்தது. ஆனால் அந்தச் சில நாட்கள் அந்த மண்ணை நான் பார்த்ததுபோல அதுவரை பார்த்ததில்லை. எறும்பு எந்த வழியாக வருகிறது, எந்த இலை மதியம் மடங்குகிறது என்று தெரிந்தது. தினமும் காலையில் எழுந்து ஓடியது சாவை எண்ணத்தான். ஆனாலும் அது சந்தோஷமாக இருந்தது.

டார்வின் தன் நூலின் அந்த அத்தியாயத்தில் இதைத்தான் சொல்லவருகிறார். இயற்கை முகம் மலர்ந்து இருப்பதை நாம் பார்க்கிறோம்; சுற்றிலும் பாடுகிற பறவைகள் புழுவையும் விதையையும் தின்று உயிரை அழித்துக்கொண்டே பாடுகின்றன என்பதைப் பார்ப்பதில்லை; அந்தப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் வேறு எதுவோ தின்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். பாட்டு பொய் என்று அவர் சொல்லவில்லை. பாதி விஷயத்தைத்தான் பார்க்கிறோம் என்கிறார்.

அந்த அத்தியாயம் முடியும் இடம் எனக்குக் கஷ்டமானது. இந்தப் போராட்டத்தை நினைக்கும்போது ஒரு ஆறுதல் உண்டு என்கிறார்: இயற்கையின் போர் இடைவிடாதது இல்லை, அங்கே பயம் கிடையாது, சாவு பெரும்பாலும் சட்டென்று வருகிறது, வலுவும் ஆரோக்கியமும் மகிழ்ச்சியும் உள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன.

மால்வர்னில் உட்கார்ந்திருந்த மனுஷன் எழுதிய வரி இது. ஆனிக்குச் சாவு சட்டென்று வரவில்லை. மாதக்கணக்கில் வந்தது. அவள் மகிழ்ச்சியான குழந்தை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார், அவள் பிழைக்கவில்லை. காட்டு உயிர்களைப் பற்றித்தான் அவர் சொல்கிறார், மனிதக் குழந்தைகளைப் பற்றி இல்லை என்று வாதிடலாம். இருந்தாலும் படிக்கிறபோது, தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம்போல எனக்குக் கேட்கிறது. ஆனியின் சாவோடு அவருடைய மத நம்பிக்கையும் போய்விட்டது என்று சொல்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு, அதை மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அந்த ஆறுதல் வாக்கியத்தைவிட, செத்த முளைகளுக்கு அவர் வைத்த கணக்கு எனக்கு அதிக ஆறுதல் தருகிறது. போன ஒவ்வொன்றும் யாராலோ பார்க்கப்பட்டது.

*

களைத் தோட்டத்துக்கு அடுத்த வருடம், 1858 ஏப்ரல். உடம்பு தாங்காமல் மூர் பார்க் என்ற இடத்தில் தண்ணீர் வைத்தியத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து எம்மாவுக்கு ஒரு கடிதம். நடந்துவிட்டுப் புல்லில் படுத்துத் தூங்கிவிட்டாராம். விழித்தபோது சுற்றிலும் பறவைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தன, அணில்கள் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன, மரங்கொத்தி சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இந்த மிருகமும் பறவையும் எப்படி உண்டாயின என்பதைப் பற்றித் தனக்குக் காலணா அக்கறை இருக்கவில்லை என்கிறார்.

இருபது வருடமாக அந்த ஒரு கேள்வியைத்தான் குடைந்துகொண்டிருக்கிறார். உலகத்தில் அதற்குச் சரியான பதில் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். அவர்தான் புல்லில் படுத்துக்கொண்டு, அது எப்படியோ போகட்டும் என்கிறார். விஞ்ஞானி கொஞ்ச நேரம் விடுப்பில் போனார் என்று இதை வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்தப் பறவை புழு தின்னும் என்று தெரியும், அந்த அணில்குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்றும் ஓரளவு தெரியும். தெரிந்தவருக்குத்தான் அந்த ஐந்து நிமிஷம் அவ்வளவு கனமாகக் கிடைக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஜூனில், வாலஸ் என்ற இளம் இயற்கையாளரின் உறை தபாலில் வந்தது. டார்வினின் கொள்கை அப்படியே அதில் இருந்தது. வீட்டில் அப்போது நோய். ஜூன் 28-ஆம் தேதி கடைசிப் பிள்ளை சார்லஸ் வாரிங், இரண்டு வயதுகூட ஆகவில்லை, இறந்துபோனான். ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. பரிணாமக் கொள்கை உலகத்துக்கு அறிமுகமான அந்த நாளில் அதன் ஆசிரியர் அங்கே இல்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வீட்டில் இருந்தார்.

*

வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணுகிற இந்தப் பழக்கம் டார்வினோடு முடியவில்லை. நம் காலத்தில் அதை மிகத் தூரம் கொண்டுபோனவர் ஜெனிஃபர் ஓவன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தின் புறநகரில், 741 சதுர மீட்டர் தோட்டம். நம் கணக்கில் மூன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. புல்தரை, காய்கறிப் பாத்தி, பூச்செடிகள் என்று அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் போன்ற ஒன்றுதான். 1972-இல் எண்ண ஆரம்பித்து 2001 வரை, 30 வருடம் எண்ணினார். மொத்தம் 2,673 வகை உயிர்கள். அவற்றில் 1,997 பூச்சிகள். செடிகள் 474. முதுகெலும்புள்ளவை வெறும் 64. இதற்கிடையே அவருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தது. நடப்பது குறைந்தது, எண்ணுவது நிற்கவில்லை. 2010-இல் முழுக் கணக்கும் புத்தகமாக வந்தது.

அவர் எண்ணிய பூச்சிகளில் பல, இன்னொரு பூச்சியின் புழுவுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்து தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகள். இந்த வகைக் குளவியைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860-இல் டார்வின் தன் அமெரிக்க நண்பர் ஆசா கிரேவுக்கு எழுதியிருந்தார். டார்வினுக்குத் தூக்கத்தைக் கெடுத்த அதே ஜீவனை ஓவன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தார். கொடுமை குறைந்துவிடவில்லை. ஆனால் சேர்ந்து வாழ்கிற ஒரு தெருக்காரரைத் தெரிந்துவைத்துக்கொள்வதுபோல அதைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

இன்று ‘இயற்கையோடு இருங்கள், மன அழுத்தம் குறையும்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். தொட்டியில் ஒரு செடி, மொபைலில் ஒரு குயில் சத்தம். அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் டார்வின் தோட்டத்திலிருந்து எனக்குக் கிடைப்பது அந்த மாதிரி மருந்து இல்லை. அங்கே ஆறுதல் விலைக்கு வருகிறது. தினமும் போய்க் குனிந்து பார்க்க வேண்டும், எது போனது என்று எழுத வேண்டும். அப்படிப் பார்க்கிறவருக்கு ஒரு புல் பெயர் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும்போது, வயிறு வரைக்கும் சந்தோஷம் போகிறது.

கடைசிக் காலத்தில் அவருக்குக் கவிதை கசந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் படித்தால் குமட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். பூ கசக்கவில்லை. அப்பா ஒரு பூவைப் பாராட்டுவது, அந்தப் பூவுக்கே நன்றி சொல்வதுபோல இருக்கும் என்று மகன் பிரான்சிஸ் நினைவுகூர்கிறார். பிடித்த பூவை மெல்லத் தொட்டுப் பார்ப்பாராம், ஒரு குழந்தைபோல.

அவருடைய கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. 1881 அக்டோபரில் வந்தது. குடிவந்த 1842-ஆம் வருடக் கடைசியில் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புக் கல்லைப் பரப்பியிருந்தார். 29 வருடம் கழித்துக் குழி வெட்டிப் பார்த்தபோது அது 7 அங்குலம் கீழே போயிருந்தது. மண்புழுக்கள் மேலே மண்ணைக் கொண்டுவந்து போட்டே அதைப் புதைத்திருந்தன. அந்த வருடம்தான் மேரி எலினோரையும் இந்த ஊர் மண்ணில் வைத்தார்கள். டவுன் மயானம்தான் பூமியில் இனிமையான இடம், அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கடைசி வருடங்களில் ஹூக்கருக்கு எழுதினார். இரண்டு சின்னப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். புழுக்கள் என்ன செய்யும் என்று அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

1882 ஏப்ரல் 19-ஆம் தேதி, மறுபடியும் ஒரு வசந்தத்தில், டவுன் ஹவுஸில் இறந்தார். ஊர் மயானத்துக்கு விடவில்லை. பெரிய மனிதர்கள் சேர்ந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கல்தளத்துக்கடியில் அடக்கம் செய்தார்கள். மரியாதைதான்.

அந்த 62 களைகளும் என்ன ஆயின? விதைத்திருக்கும், அடுத்த ஜனவரியில் யாரும் கொத்தாமலே மறுபடி முளைத்திருக்கும், நத்தைகளும் வந்திருக்கும். அவற்றுக்குக் கணக்கில்லை.